கருங்கல் மேடையில் கறையா, காயமா?

உங்கள் வீட்டுச் சமையல் மேடை கறுப்புக் கல்லால் ஆனதா? அப்படியானால் இந்த இதழைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையருகே சென்று நின்றபடியே படியுங்கள். பாத்திரங்களை ஒருபுறம் ஒதுக்கி, விளக்கைப் போட்டு, தலையைச் சற்றுத் தாழ்த்திச் சாய்வாகப் பாருங்கள். நேரே நின்று பார்க்கும்போது கண்ணில் படாத தடங்கள் பல இப்போது தெரியும். தண்ணீர்க் குழாய்க்கு அருகில் வெள்ளை வளையங்கள். எலுமிச்சம்பழம் நறுக்கிய இடத்தில் ஒளி மங்கிய திட்டு. அடுப்புக்குப் பக்கத்தில் கல்லைவிடக் கறுப்பான ஓர் எண்ணெய்ப் படலம். பாத்திரத்தை இழுத்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு.

வீடுகளில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர்தான் வழங்குகிறது: கறை. மருத்துவமும் ஒன்றுதான்: கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பது. ஆனால் இந்த நான்கும் நான்கு வேறுபட்ட நிகழ்ச்சிகள். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். கழிவறைக்கென்று வாங்கி வைத்த அமிலத்தை ஊற்றி, காசளவு வளையத்தை உள்ளங்கை அளவு மங்கலாக மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. வளையத்தைப் போக்கலாம், அந்த மங்கலைக் கழுவிப் போக்க முடியாது. ஆகவே தேய்ப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி ஒரு துளி தண்ணீரும், பள்ளியில் படித்த கொஞ்சம் ஒளியியலும்தான்.

கறுப்பு ஏன் காட்டிக்கொடுக்கிறது?

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது அதில் ஒரு பங்கு எல்லைப் பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. நேர்க்குத்தாக விழும் ஒளிக்கு இந்தப் பங்கைக் கணக்கிடுவது எளிது. இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் தந்த சூத்திரங்களிலிருந்து கிடைப்பது இது. காற்றுக்கு 1 என்றும், கறுப்புக் கல்லின் கனிமங்களுக்குச் சராசரியாக 1.6 என்றும் கொள்வோம். 0.6ஐ 2.6ஆல் வகுத்தால் 0.23, அதன் வர்க்கம் 0.053. அதாவது நூறு பங்கு ஒளி விழுந்தால் ஏறத்தாழ 5 பங்கு மேற்பரப்பிலிருந்தே திரும்புகிறது. மீதி 95 பங்கும் கல்லுக்குள் நுழைகிறது. அதில் பெரும்பகுதி உள்ளேயே உட்கவரப்பட்டுவிடுகிறது.

மெருகேற்றிய கல்லில் அந்த 5 பங்கும் கண்ணாடியில் போல ஒரே திசையில் திரும்புகிறது. அந்தத் திசையில் உங்கள் கண் இருந்தால் விளக்கின் பிம்பம் தெரியும். இல்லாவிட்டால் கருமை மட்டுமே தெரியும். இப்போது கல்லின் ஓரிடம் சொரசொரப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 5 பங்கு இங்கே எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நீங்கள் எங்கே நின்றாலும் கொஞ்சம் ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறது. சுற்றிலும் இருட்டு, அங்கே மட்டும் சாம்பல் ஒளி! அதைத்தான் வெள்ளைத் திட்டு என்கிறோம். அங்கே வெள்ளைப் பொருள் எதுவும் வந்து ஒட்டியிருக்க வேண்டிய தேவையில்லை.

வெள்ளைச் சலவைக்கல்லிலும் இதே 5 பங்கு சிதறத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கல்லுக்குள்ளிருந்து அதைப்போலப் பல மடங்கு ஒளி ஏற்கெனவே சிதறி வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்தச் சிறு பங்கு காணாமல் போய்விடுகிறது. ஆகவே கறுப்புக் கல் மெலிந்த கல் என்று யாராவது குறை சொன்னால் நம்பாதீர்கள். அது எதையும் மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு துளி தண்ணீர்

மங்கிய திட்டின்மீது ஒரு துளி தண்ணீர் வைத்துப் பாருங்கள். திட்டு மறைந்துவிடும்! துடைத்து உலரவிட்டால் மறுபடியும் தோன்றும். காரணத்தை மேலே சொன்ன கணக்கே சொல்லிவிடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே வேறுபாடு 0.27, கூட்டுத்தொகை 2.93. வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.0085. சொரசொரப்பான பரப்பிலிருந்து சிதறும் ஒளி நூற்றுக்கு 5 பங்காக இருந்தது, இப்போது ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. தண்ணீரின் மேற்பரப்பும் சிறிது ஒளியைத் திருப்புகிறது. ஆனால் அது வழவழப்பான பரப்பாதலால் ஒரே திசையில் திருப்புகிறது.

இந்த உண்மை நமக்குப் புதியதல்ல. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நினைத்துப் பாருங்கள். உளியால் கொத்திய அம்மி காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், கழுவியவுடன் கறுப்பு. தேய்ந்து வழவழப்பாகிவிட்ட அம்மியைக் கல் தச்சர் கொத்திக் கொடுப்பது அதை மீண்டும் சொரசொரப்பாக்கத்தான். மிளகாய் அரைபடச் சொரசொரப்பு வேண்டும், சமையல் மேடைக்கு வழவழப்பு வேண்டும். கோயிலிலும் இதைக் காணலாம். வெளி மண்டபத்துத் தூண் சாம்பல் நிறமாக நிற்க, பல்லாண்டுகளாக எண்ணெய்க் காப்பிட்ட மூலவர் திருமேனி மை போலக் கறுத்திருக்கும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. அது கல்லின் எண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. தவிர, தண்ணீரைப் போல எண்ணெய் ஆவியாகிப் போவதுமில்லை.

இதிலிருந்து நம் முதற் சோதனை கிடைக்கிறது. நனைத்தால் மறைந்து, உலர்ந்தால் அப்படியே திரும்பும் தடம், கல்லின் மேற்பரப்பில் ஏற்பட்ட காயமாகவோ மிக மெல்லிய படிவாகவோ இருக்கும். நனைத்தும் மறையாத தடம், கல்லின்மேல் கனமாக ஒட்டியிருக்கும் பொருளாகவோ, கல்லுக்குள் ஊறிய சாயமாகவோ இருக்கும். காயமா, படிவா என்று பிரித்தறிய நகம் போதும். திட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல வருடுங்கள். படிவாயின் நகம் மேடேறும், சற்றுச் சுரண்டினால் தூள் வரும். காயமாயின் நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படாது.

முதலில் கல்லின் பெயரைக் கேளுங்கள்

மருந்து கொடுக்குமுன் நோயாளி யார் என்று தெரிய வேண்டாமா? கடைகளில் கறுப்புக் கிரானைட் என்று விற்கப்படும் பலகைகளில் பெரும்பாலானவை, நிலவியலார் கணக்கில் கிரானைட்டே அல்ல. உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய வெளிர் கனிமங்கள் மிகுந்திருக்கும். ஆகவே அது வெளிர் நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கறுப்புப் பலகைகள் பெரும்பாலும் கேப்ரோ, டாலரைட் என்ற அக்கினிப் பாறைகள். ஒருவகை ஃபெல்ஸ்பாரும் பைராக்ஸீன் என்ற இருண்ட கனிமமும் சேர்ந்து உறைந்தவை. நம் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் வெட்டி எடுக்கப்படும் கறுப்புக் கல் வெளிநாடுகள் வரை பெயர் பெற்றது. கேப்ரோவானாலும் கிரானைட்டானாலும் இவை சிலிக்கேட்டுகள். எலுமிச்சைச் சாறோ, புளிக்கரைசலோ, வினிகரோ இவற்றைத் தொட்டுவிட முடியாது.

ஆனால் நம் வீடுகளில் இன்னொரு கறுப்புக் கல்லும் இருக்கிறது. அதுதான் கடப்பைக் கல். ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வருவதால் அந்தப் பெயர். இது சுண்ணாம்புப் பாறை. கால்சியம் கார்பனேட்டை மிகுதியாகக் கொண்ட படிவுப் பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்புதான். அருகில் சென்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கேப்ரோவில் படிக மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், விளக்கொளியில் ஆங்காங்கே மின்னுவதும் தெரியும். கடப்பைக் கல்லில் மணிகள் தெரியாது. மாவு பிசைந்து உறைந்தது போல ஒரே சீராக இருக்கும்.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஜெர்மானியர் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, கால்சைட் 3. இரும்பு ஆணி ஏறத்தாழ 4 அல்லது 5. பலகையின் அடிப்புறத்தில், யாரும் பார்க்காத விளிம்பில், ஆணியால் ஒரு கோடு இழுங்கள். கடப்பைக் கல்லாயின் கீறல் விழுந்து வெள்ளைத் தூள் உதிரும். கேப்ரோவாயின் கீறல் விழாது. மாறாக ஆணி தேய்ந்து, கல்லின்மேல் சாம்பல் நிற உலோகக் கோடு படியும். கீறியது கல், கீறப்பட்டது ஆணி!

சந்தேகம் இருந்தால், உதிர்ந்த தூளை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்துப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். வெளிவருவது கரியமில வாயு.

இன்னொரு தொல்லையும் உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பென்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் தேய்த்துத் துணி கறுத்தால், அது சாயமிட்ட கல், அல்லது எண்ணெய் பூசிய கல். அத்தகைய பலகையில் எலுமிச்சை பட்ட இடம் வெளுப்பதற்குக் கல் காரணமல்ல, பூச்சே காரணம். கேப்ரோவிலும் சில துண்டுகளில் சிறிதளவு கால்சைட் கலந்திருப்பதுண்டு. அங்கும் அமிலத் தடம் விழலாம்.

வெள்ளை வளையம்

ஈரப் பாத்திரத்தைத் தூக்கிய இடத்திலும், குழாய்த் தண்ணீர் தெறித்த இடத்திலும் விழும் வளையங்களைப் பாருங்கள். துளி முழுவதும் ஒரே சீராக உலர்ந்திருந்தால் வட்டத் திட்டு அல்லவா கிடைக்க வேண்டும்? ஏன் ஓரத்தில் மட்டும் கோடு?

1997ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது காப்பித் துளி. துளியின் ஓரம் பரப்பில் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அந்த ஓரத்தில் நீர் மற்ற இடங்களைவிட வேகமாக ஆவியாகிறது. இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தன்னிடமுள்ள துகள்களையும் கூடவே அள்ளிச் செல்கிறது. துளி உலர்ந்து முடியும்போது துகள்களில் பெரும்பகுதி கரையில் குவிந்துவிடுகிறது. ஒரு காப்பித் துளியில் இவ்வளவு இயற்பியல் இருப்பதைப் பார்க்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட்டு கரைந்திருக்கிறது. நீர் உலரும்போது கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டு படிகிறது. கெண்டியின் அடியில் படியும் உப்புப் பாலமும் இதுதான்.

கவனியுங்கள்: வளையம் கால்சியம் கார்பனேட்டு, கடப்பைக் கல்லும் கால்சியம் கார்பனேட்டு. கேப்ரோ மேடையில் வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, வளையத்தின்மேல் சில நிமிடங்கள் வைத்துக் கழுவினால் வளையம் கரைந்துபோகும், கல் அசையாது. அதே வினிகரைக் கடப்பைக் கல்லின்மேல் வைத்தால் அது வளையத்தையும் தின்னும், கல்லையும் தின்னும். இரண்டும் ஒரே பொருளாயிருக்க, அமிலம் எதை விட்டு எதைத் தின்பது? கடப்பை மேடையில் சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பிளாஸ்டிக் அளவுகோலின் விளிம்பால் பொறுமையாகச் சுரண்டுவது ஒன்றே வழி.

கழிவறை அமிலத்தை எந்தக் கல்லுக்கும் பயன்படுத்தாதீர்கள். அதைச் சலவைத் தூள் எனப்படும் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. துரு நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். கண்ணாடியைத் தின்னும் அந்த அமிலம் சிலிக்கேட்டுக் கல்லையும் தின்னும், தோல் வழியே உள்ளிறங்கி உடலுக்கும் பெருந்தீங்கு செய்யும்.

கல்லைவிடக் கறுப்பான திட்டு

அடுப்பருகே உள்ள கருந்திட்டு இதற்கு நேர்மாறானது. நல்ல பலகை தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். ஆனாலும் படிக மணிகளுக்கிடையே முடியினும் மெல்லிய இடுக்குகள் இருக்கின்றன. காற்றிருந்த இடுக்கில் எண்ணெய் புகுந்தால் அங்கே சிதறிவந்த சிறிதளவு ஒளியும் நின்றுவிடுகிறது. ஈரத் துணி கறுத்துத் தெரிவதும் இதனால்தான். இரவு முழுவதும் ஈரப் பாத்திரம் இருந்த இடம் காலையில் கறுத்திருந்தால் பதற வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். தானாக மறைந்தால் தண்ணீர், மறையாவிட்டால் எண்ணெய்.

இடுக்கில் புகுந்த எண்ணெயை மேலே தேய்த்து எடுக்க முடியாது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். தலைவலிக்குச் சுக்குப் பற்று போடுவார்களே, அதைப் போலக் கல்லுக்கும் ஒரு பற்று! நயமான சுண்ணக்கட்டித் தூளையோ முல்தானி மட்டியையோ பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலில் களி போலக் குழைத்து, திட்டின்மேல் அரை விரற்கடை கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி ஓர் இரவு விடுங்கள். சோப்புக் கரைசல் இடுக்குக்குள் இறங்கி எண்ணெயைப் பிரிக்கும். மறுநாள் தாளை எடுத்துவிட்டு, பற்று முற்றிலும் காயும்வரை தொடாதீர்கள். வேலை நடப்பது காயும்போதுதான். நுண்புழை எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக அது திரவத்தை இழுக்கும். ஆகவே தூள் எவ்வளவு நயமோ அவ்வளவு நல்லது. மணலைக் குழைத்து அப்பினால் ஒன்றும் நடக்காது. ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டும்.

நாட்பட்ட கறைக்குச் சோப்புக் கரைசலுக்குப் பதில் அசிட்டோன் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது பெட்ரோலைப் போலத் தீப்பற்றக் கூடியது. அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்து வைத்துப் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

கோடுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியப் பாத்திரம் இழுத்த கோடு, ஆணிச் சோதனையில் நாம் கண்ட அதே உலோகக் கோடுதான். சமையல் சோடாவை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். சமையல் சோடா மென்மையானது, கல்லைக் கீறாது. செங்கல் தூளும் மணலும் அப்படியல்ல. அவற்றிலுள்ள குவார்ட்ஸ் ஃபெல்ஸ்பாரைவிடக் கடினமானது. ஒரு கோட்டைப் போக்கப் போய் ஆயிரம் கோடுகள் போட்டதாக முடியும்.

காயத்துக்கு மருந்து

அமிலத் திட்டும் கீறலும் காயங்கள். காயத்தைக் கழுவ முடியாது. சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்து மறுபடி மெருகேற்ற வேண்டும். கரடான தூள் ஆழமான கீறல்களை நீக்கி, தன் பங்குக்குச் சற்று ஆழம் குறைந்த கீறல்களை விட்டுச்செல்லும். அடுத்த தூள் அவற்றை நீக்கி, இன்னும் நுண்ணியவற்றை விடும். இப்படியே படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பழைய கீறல் உள்ளேயே தங்கிவிடும். எதுவரை இறங்குவது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் 4 முதல் 7 பங்கு. மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியனவாகிவிட்டால் ஒளிக்கு அவை இருப்பதே தெரியாது, பரப்பு கண்ணாடியாகிவிடும்.

கேப்ரோ பலகைக்கு வைரத் தூள் பதித்த பட்டைகள் வேண்டும். 50ஆம் எண்ணில் தொடங்கி 3000 வரை மாற்றி மாற்றி, இயந்திரத்தில் பொருத்தித் தேய்ப்பார்கள். இது தொழிலாளியின் வேலை. ஆனால் அவர் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்கிறாரா? உலர்ந்த நிலையில் கிளம்பும் கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற குணப்படுத்த முடியாத நோயைத் தருகிறது. வெளிர் நிறக் கிரானைட்டில் குவார்ட்ஸ் மிகுதியாதலால் ஆபத்தும் மிகுதி. வாளியில் தண்ணீர் எடுத்து வந்து கொடுங்கள். மேடை நனைகிறதே என்று யாரும் தடுக்க வேண்டாம்.

கடப்பைக் கல் கால்சைட்டின் மென்மை கொண்டதாதலால் கையாலேயே தேய்க்கலாம். வண்ணம் பூசுபவர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர் போதும். ஆலையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே வந்துவிடாது. ஆனால் திட்டு கண்ணை உறுத்தாத அளவுக்கு வரும். எந்த எண் தாளில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. தேவைக்கு மேல் கரடான தாளில் தொடங்கினால் வீண் வேலை. நுண்ணிய தாளில் தொடங்கினால் முடிவே இராது. விடையை நீங்களே அளந்து காணலாம்.

கல் கடையில் உடைந்த கடப்பைத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதை நான்கு பட்டைகளாகக் கோடிட்டுப் பிரித்து, தண்ணீர் விட்டு, 220, 400, 800, 1200 எண் தாள்களால் ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்து உலர விடுங்கள். இரவில் ஒரே ஒரு விளக்கெரியும் அறையில், கல்லின் அப்பால் விளக்கிருக்க, கண்ணைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். நான்கு பட்டைகளிலும் விளக்கின் பிம்பம் தெரியும். சொரசொரப்பான பரப்பும் மிகச் சாய்வான ஒளிக்குக் கண்ணாடியாகிவிடும். ராலே பிரபு காட்டியபடி, அங்கே கணக்கில் வருவது மேடுபள்ளத்தின் உயரமன்று. அந்த உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கிய அளவு. இப்போது கண்ணை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். எதிரே விளக்கையும் அதே அளவு உயர்த்த ஒரு தோழர் துணைக்கு வேண்டும். முதலில் 220 பட்டையில் பிம்பம் கரையும், பிறகு 400, பிறகு 800. ஒவ்வொன்றும் கரையும் கோணத்தைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அதே விளக்குடன் சமையல் மேடைக்குச் சென்று, எலுமிச்சைத் திட்டில் பிம்பம் எந்தக் கோணத்தில் கரைகிறது என்று பாருங்கள். அது 400 பட்டையின் கோணத்துக்கும் 800 பட்டையின் கோணத்துக்கும் இடையில் இருந்தால், 400ஆம் எண் தாளில் தொடங்குங்கள்.